எரிமலை ஊருக்குப் போட்டு வாறன்

ரொறன்ரோ விமான நிலையத்தில், பயணிகள் மட்டும் உள்ளே போகக்கூடிய வாசலில் நின்று, என் மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "சரி அம்மா, நான் போறன்" என்றாள்.

சொல்லிவிட்டுப் போயும் விட்டாள். "எடி, அப்பிடிச் சொல்லக்கூடாது" என்று நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம் நின்று சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற எவரும் 'போறன்' என்று சொல்வதில்லை. பால் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'போட்டு வாறன்'தான், அதாவது போய்விட்டு வருகிறேன். 'போறன்' என்பது திரும்பி வராதவர்களுடைய சொல். யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் கூப்பிட்டு, இருக்க வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்து அனுப்புவோம். விமான நிலையத்தில் அதற்கு வழியில்லை. சீருடை போட்ட ஒருவர் கையைக் காட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன். "அவள் இங்கிலீசில நினைச்சுத் தமிழில சொல்லுறவள். உமக்கு எல்லாத்துக்கும் ஒரு பயம்" என்றார்.

"உங்களுக்கு ஒண்டுக்கும் பயமில்லை. அதாலைதான் உங்கடை பங்கையும் சேர்த்து நானே பயப்பட வேண்டிக் கிடக்கு" என்றேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மகள் போனது ஜப்பானின் தெற்குக் கரையில் இருக்கும் ககோஷிமா என்ற நகரத்துக்கு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை. ஒரு வருடம் என்று சொல்லித்தான் போனாள். அது இரண்டானது. நகரத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு எரிமலை இருக்கிறது என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலைக்கு வந்த ஒரு அன்ரி தொலைபேசியில் படத்தைக் காட்டி, "உதுதானே மகளின்ரை ஊர்?" என்று கேட்டார். படத்தில் மலையின் வாயிலிருந்து கரும்புகை மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் எத்தனை பேருடைய கடைவாய்ப்பல்லை எந்த நாளில் பிடுங்கப் பதிவு செய்தேன் என்று எனக்கே தெரியாது.

அதன் பிறகு 'போறன்' என்ற அந்தச் சொல் எனக்குள் கிடந்து உளைந்தது. மூன்றாவது வருடமும் இருக்கப் போகிறாளா என்று கேட்டால், "பாப்பம் அம்மா" என்றாள். நான் லீவு எடுத்தேன். கணவரையும் வரச் சொன்னேன். அவர் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை செய்கிறார். லீவு கிடைக்கும்தான். ஆனால் பல்கனியில் மிளகாய்க் கன்றுகள் காய்த்துக்கொண்டிருந்தன. "நீர் போட்டு வாரும். மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணுமெல்லே" என்றார். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிசர் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னார்.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். உண்மையில் அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

ககோஷிமா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் பஸ்சில் மகள் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். மலைப்பாதையிலிருந்து பஸ் இறங்கியபோது கடல் தெரிந்தது. கடலுக்கு நடுவில் அது இருந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது, அகலமானது. உச்சியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல மெல்லிதாகப் புகை. நான் அவளை உலுப்பி எழுப்பினேன்.

"உது இப்ப புகைக்குது."

"ஓம். எப்பவும் புகைக்கும்."

"எப்பவுமோ?"

"அம்மா, இட்ஸ் ஃபைன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடினாள்.

அவள் இருந்தது ஒரு பழைய மாடி வீட்டின் மேல்தளத்தில். கீழே, அதை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், மெலிந்த, சுறுசுறுப்பான மனுசி. காலையில் முற்றத்தில் விழுந்த சாம்பலைக் கூட்டி, அதற்கென்று நகரசபை கொடுத்த மஞ்சள் பையில் அள்ளிக் கட்டி வாசலில் வைப்பார். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் காலையில் வாசல் பனியை வழிக்கிற ஆட்களின் முகத்தில் இருக்கும் அதே சலிப்புத்தான் அவர் முகத்திலும் இருந்தது. பயம் துளியும் இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்கோ ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டியிருந்தது. நான் மேசையைத் திருப்பிப் போட்டேன். சாப்பிடும்போது பாதியில் எழும்பிப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தேன். கடவுச்சீட்டு, மருந்து, கொஞ்சம் காசு, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் வைத்த கைப்பையைக் கதவடியில் வைத்தேன். சப்பாத்தை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன், காலை நுழைத்தவுடன் ஓட வசதியாக.

வீட்டுக்காரி ஒருநாள் மேலே வந்தவர் அந்தச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் என்னவோ சொல்லித் தலையைத் தலையை ஆட்டினார்.

"என்னவாம்?"

"உங்கடை அம்மா நல்ல பழக்கம் தெரிஞ்சவ எண்டு சொல்லுறா. இஞ்ச சப்பாத்தை அப்பிடித்தான் திருப்பி வைக்கிறது. அதுதான் மரியாதை."

"நான் ஏன் வைச்சனான் எண்டு அவவுக்குச் சொல்லாதை" என்றேன்.

காலையில் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது படியில் இறங்கி, முற்றத்தில் நிற்கும் வீட்டுக்காரியைப் பார்த்து, "இத்தேகிமாஸ்" என்று சொல்வாள். அவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்து ஏதோ பதில் சொல்வார். ஒருநாளும் தவறவில்லை. மழை பெய்தாலும், நேரம் போய்ப் பறந்துகொண்டு ஓடினாலும் அதைச் சொல்லாமல் படலையைத் தாண்டமாட்டாள். நான் மேலே ஜன்னலில் நின்று பார்ப்பேன். வணக்கம் போல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல் என்று அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன்.

அவள் போன பிறகு நானும் நடக்க வெளிக்கிடுவேன். அந்த நகரத்தில் ட்ராம் வண்டி புல்லுக்கு மேலே போட்ட தண்டவாளத்தில் ஓடுகிறது. ஆட்கள் வெயிலுக்குப் பிடித்த குடையையே சாம்பலுக்கும் பிடிக்கிறார்கள். தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிறவர் இன்றைக்குக் காற்று சாம்பலை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். ஒரு மயானத்தைக் கடந்து போனேன். கல்லறைகளுக்கு மேலே எல்லாம் சின்னச் சின்னக் கூரை போட்டிருந்தார்கள், சாம்பல் விழாமல். ஒவ்வொன்றிலும் அன்று வைத்த பூ இருந்தது. செத்தவர்களுக்குக் கூரை போடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்களை ஏன் இங்கே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே நடந்தேன். வழியில் எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் தெருவின் முடிவில் அந்த மலை நின்றது.

அப்படி நடந்து களைத்து ஒருநாள் மத்தியானம் திரும்பி வந்தேன். வீட்டுக்காரி முற்றத்தில் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் படலையைத் திறந்து உள்ளே வந்து, சிரித்து, தலையைக் குனிந்து, "இத்தேகிமாஸ்" என்றேன்.

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நல்ல மனுசியாகச் சிரித்து, "இத்தெராஷ்ஷாய்" என்று சொல்லித் தெருப்பக்கம் கையைக் காட்டினார்.

நான் நின்றேன். அவர் திரும்பவும் அதைச் சொல்லித் தெருவைக் காட்டினார். உள்ளே வராதே என்கிறாரோ? நிலத்தைக் கழுவப் போகிறாரோ? என்னவென்று கேட்க மொழியில்லை. வெளியே போனேன். கால் உளைய அந்த ஒழுங்கையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் முற்றத்தில்தான் நின்றார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். திரும்பவும் "இத்தேகிமாஸ்" என்றேன், இந்த முறை சிரிக்காமல். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்து, படியில் ஏற்றிவிட்டார்.

பின்னேரம் மகள் கீழேயிருந்து சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். சிரிப்பில் அவளால் சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை.

"அம்மா, வீட்டுக்குள்ள வரேக்க ஆரும் அதைச் சொல்லுறதே? அவ பாவம், நீங்கள் எங்கையோ போகப் போறியள் எண்டு நினைச்சு வழியனுப்பி விட்டிருக்கிறா. ரெண்டு தரம்."

"அப்ப அதின்ரை அர்த்தம் என்ன?"

"போட்டு வாறன்" என்றாள். "அப்பிடியே அதுதான். இத்தெ எண்டா போட்டு, கிமாஸ் எண்டா வாறன். அவ சொன்னது, போட்டு வாங்கோ எண்டு."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாள் காலையிலும், மழையிலும், அவசரத்திலும், ஒரு நாள் விடாமல் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறாள். யாரோ ஒரு மனுசிக்கு. ஜப்பானியத்தில்.

"எனக்கு மட்டும் போறன் எண்டு சொன்னனீ" என்றேன்.

"எப்ப?"

"எயார்போட்டில. போகேக்க."

அவளுக்கு நினைவேயில்லை. "அப்பிடியே சொன்னனான்? அம்மா, அது வெறும் ஒரு சொல்லுத்தானே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. விளக்குமாறோடு நிற்கும் ஒரு மனுசி மேலே பொறாமை.

அடுத்த நாள் அந்தக் கோபத்தில் வீட்டில் இருந்த துணியெல்லாம் தோய்த்தேன். எங்கள் ஸ்காபரோக் கட்டடத்தில் பல்கனியில் துணி காயப்போட்டால் நிர்வாகம் கதவில் கடதாசி ஒட்டிவிடும். இங்கே பல்கனியில் அதற்கென்றே கம்பி பூட்டியிருந்தது. கட்டில் விரிப்பு, அவளுடைய வெள்ளைச் சட்டைகள், என் வீட்டுச் சட்டை எல்லாவற்றையும் விரித்துப் போட்டுவிட்டு, இந்தப் பயணத்திலேயே முதல்தடவையாக ஒரு நிம்மதியோடு நின்று பார்த்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரி கையை ஆட்டிக் கத்தினார். இனி அவர் என்ன சொன்னாலும் நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று நானும் கையை ஆட்டினேன். அவர் படியில் ஓடிவந்து, என்னைத் தள்ளிக்கொண்டு பல்கனிக்குப் போய், துணிகளை உருவத் தொடங்கினார். அப்போதுதான் மலையைப் பார்த்தேன். புகை நேராக எங்கள் பக்கம் சரிந்து வந்துகொண்டிருந்தது.

பாதிக்கு மேற்பட்ட துணியில் சாம்பல் விழுந்துவிட்டது. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அரைத்த கண்ணாடி போல நறநறத்தது. தட்டக்கூடாது, உதறத்தான் வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்து உதறினோம். அவர் மேலே இருந்த கோபத்தை அதற்குப் பிறகு வைத்திருக்க முடியவில்லை.

சனிக்கிழமை மகள் என்னை மலைக்கே கூட்டிக்கொண்டு போனாள். "பக்கத்தில பாத்தால் பயம் போகும்" என்றாள். படகில் ஏறி ஒரு கோப்பை சூப் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கரை வந்துவிடும். படகிலேயே நூடில்ஸ் விற்கிறார்கள். இரண்டு கிண்ணம் வாங்கி வந்தாள். நாங்கள் மேல்தட்டில் இருந்தோம். மலை பெரிதாகிக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் இன்னும் இஞ்ச இருக்கப் போறன். ஸ்கூலில சொல்லிட்டன்" என்றாள்.

"இன்னும் ஒரு வருசமோ?"

"தெரியாது. கனகாலம்."

நான் வந்த காரியம் அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துபோனது. கையில் இருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்காபரோவில என்ன இல்லை? வீடு இருக்கு, நாங்கள் இருக்கிறம். நெருப்புக் கக்குற மலைக்கு முன்னால வந்துதான் இருக்க வேணுமோ?"

அவள் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு என் மடியில் இருந்த கைப்பையைத் தொட்டாள். மலைக்குப் போவதற்கும் நான் அந்தப் பையைக் கொண்டு வந்திருந்தேன்.

"அம்மா, எங்கடை வீட்டில அலுமாரிக்குள்ள எப்பவும் இப்பிடி ஒரு பை கட்டி இருக்கும். பாஸ்போட், காசு, என்ரை ஒரு ஸ்வெற்றர். நான் வளர வளர நீங்கள் அந்த ஸ்வெற்றரை மாத்தி வைப்பீங்கள். எனக்கு அது ஞாபகம். எங்கை ஓடப் போறம் எண்டு கேக்க எனக்குப் பயம்." அவள் மலையைக் காட்டினாள். "இஞ்ச இது இருக்கு. எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் ஓடேல்லை. காலமை எழும்பிக் கூட்டிப்போட்டு வேலைக்குப் போகினம். எனக்கு இஞ்ச நித்திரை வருது அம்மா."

அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அந்தப் பையைக் கட்டினேன். ஊரில் சண்டை நடந்த காலத்தில் எத்தனை தடவை கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று தெரிந்தால் அவளும் கட்டியிருப்பாள்.

"ஊரில இருந்து வெளிக்கிடேக்க நீங்கள் உங்கடை அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"போட்டு வாறன் எண்டுதான்."

அவள் அதற்கு மேலே கேட்கத் தேவையில்லை. என் அம்மா செத்தபோது நான் ரொறன்ரோவில் இருந்தேன், போக முடியாத காலம். இவள் அப்போது வயிற்றில் இருந்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும்.

அப்போது மலை ஒரு தரம் முழங்கி, கரும்புகையைத் தள்ளியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். காற்று மற்றப்பக்கம் என்று கண்டுகொண்டு திரும்பவும் நூடில்ஸ் சாப்பிடத் தொடங்கினார்கள். மகள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து இருக்க வைத்தாள். இருந்தேன். இருந்து, ஆறிப்போன நூடில்ஸைக் கடைசிவரை சாப்பிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் மலையை அண்ணாந்து பார்த்தேன். ஆனாலும் எழும்பவில்லை.

வெளிக்கிடுகிற அன்று காலையில் வீட்டுக்காரியும் பஸ் தரிப்பிடம் வரை வந்தார். வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்த இனிப்புப் பெட்டி ஒன்றை என் கையில் திணித்தார். மகள் என் பயணப் பெட்டியைத் தூக்கி பஸ்சின் வயிற்றுக்குள் வைத்தாள். வேலைக்குப் போகிற உடுப்போடு நின்றாள், என்னை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நான் ஒன்றும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. படியில் கால் வைக்கும்போது, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

"போட்டு வாறன்."

மகள் எட்டி என் கையைப் பிடித்தாள். பிறகு, "போட்டு வாங்கோ அம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரிக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டி, "இத்தெராஷ்ஷாய்" என்றார்.

பஸ் மலைப்பாதையில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டு வாங்கோ என்று சொல்வது வீட்டில் இருக்கிறவர்கள். போட்டு வாறன் என்று சொல்வது வெளிக்கிடுகிறவர். இவ்வளவு காலமும் அவள் வெளிக்கிட்டவள், நான் வீட்டில் இருக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பார்க்கிறார் என்றும் பாராமல் அழுதேன்.

ரொறன்ரோவில் கணவர் காரோடு நின்றார். பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு, நெடுஞ்சாலையில் ஏறும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"என்னவாம்? வாறாளாமோ?"

"இல்லை."

"அப்ப நீர் என்ன சொல்லிப்போட்டு வந்தனீர்?"

"போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்."

அவர் சிக்னலைப் போட்டு அடுத்த வரிசைக்கு மாறினார். ரேடியோவைத் தொடவில்லை. ஸ்காபரோவுக்கு இறங்கும் வழி வந்தது. இறங்கி, முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாங்கள் ரெண்டு பேரும் போனா, மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி ஊத்த ஆரை விடுறது?"